கப்பல் கேட்கும் ஆங்கிலம்

(வடமராட்சியில், கப்பல் வேலைக்குச் செல்ல விரும்பும் இளையோருக்கும் அவர்களுடைய பெற்றோருக்குமாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்கு ஓர் உல்லாசப் பயணக் கப்பல் வந்தது. எம்பிரஸ் என்று பெயர். இந்தியாவின் கோர்டேலியா நிறுவனம் நடத்துவது. 1990இல் பிரான்சில் கட்டி, நெடுங்காலம் அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்காக ஓடிய கப்பல். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைகளுக்கும் பயணிகளைக் கொண்டுவந்தது. போர்க்காலத்தில் வெறிச்சோடிக் கிடந்த எங்கள் துறைமுகத்துக்கு அப்படியொரு கப்பல் வந்ததைப் பத்திரிகையில் பார்த்த பெடியள் சிலர் என்னிடம் வந்து, "சேர், இதில வேலை எடுக்கிறதெண்டால் எவ்வளவு இங்கிலிஷ் தெரியவேணும்?" என்று கேட்டார்கள். நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவன் என்பதால் என்னிடம் வந்தார்கள்.

வெள்ளைக்காரப் பயணியிடம் முகம் மலர்ந்து இரண்டு வசனம் கதைக்க வேண்டும், சாப்பாட்டு ஓடர் எடுக்க வேண்டும், நல்ல பெயர் வாங்கி ரிப்ஸ் பெறவேண்டும். அதற்குத்தான் ஆங்கிலம் என்று எங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கும் வேண்டும்தான். ஆனால் கப்பல் ஆங்கிலத்தைக் கேட்பதற்கு முதற்காரணம் உயிர். பயணியின் உயிர், உங்களுடைய உயிர்.

பெரிய பயணிகள் கப்பல் ஒன்றில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். 2024இல் ஓடத் தொடங்கிய ஐகொன் ஒஃப் த சீஸ் கப்பலில் பணியாளர்கள் மட்டும் ஏறக்குறைய 2,350 பேர். பயணிகள் நிரம்பினால் 7,600 வரை. எங்கள் ஊர்கள் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்தாலும் அவ்வளவு சனம் வராது. பணியாளர்களில் கப்பலைச் செலுத்துகிறவர்களும் இயந்திர அறையில் நிற்பவர்களும் சிறுபகுதி. சமைக்கிறவர், பரிமாறுகிறவர், கபின் துப்புரவு செய்கிறவர், துணி வெளுக்கிறவர், பாடுகிறவர் என்று ஹோட்டல் பிரிவில்தான் பெரும்பகுதி.

இந்த ஹோட்டல் பிரிவுக்காரருக்கு இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது. வேலை தேடுகிற பலருக்கு இது தெரியாது. கப்பலில் ஏறியவுடன் ஒவ்வொரு பணியாளருக்கும் அவசர வேளைக் கடமை ஒன்று எழுத்தில் தரப்படும். காலையில் படுக்கை விரித்த அதே பிள்ளை, அபாயச் சங்கு ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் எழுப்பியவுடன், தன் நடைபாதையில் உள்ள கபின்களைத் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்து, முதியவருக்கு உயிர்காப்பு அங்கி கட்டிவிட்டு, எல்லோரையும் ஒன்றுகூடும் இடத்துக்குக் கொண்டுபோகவேண்டும். அந்த நேரத்தில் புகை இருக்கலாம், வெளிச்சம் இல்லாமல் போகலாம், பிள்ளைகள் அழலாம். "இந்தப் பக்கம் வாருங்கள், லிஃப்டில் ஏறாதீர்கள், குனிந்து நடவுங்கள், உங்களோடு வந்தவர் எத்தனை பேர்?" இவ்வளவையும் இன்னொருவர் மொழியில், அலறாமல், ஒரே தடவையில் விளங்கும்படி சொல்லவேண்டும்.

அப்படிச் சொல்ல ஆளில்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை 1990ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி உலகம் கண்டது. நோர்வேயின் ஒஸ்லோவிலிருந்து டென்மார்க்கின் ஃபிரடெரிக்ஸ்ஹாவன் நோக்கி ஸ்கண்டினேவியன் ஸ்டார் என்ற பயணிகள் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அந்த வழியில் சேவைக்கு வந்து சில நாட்களே ஆன கப்பல். பணியாளரில் பலர் அவசரம் அவசரமாகச் சேர்க்கப்பட்ட போர்த்துக்கேயர். அவர்களில் பலருக்கு நோர்வே மொழியும் தெரியாது, டெனிஷும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பயணிகளோ பெரும்பாலும் நோர்வேக்காரர். முறையான தீயணைப்பு ஒத்திகை நடக்கவில்லை. இரவு எல்லோரும் படுத்திருக்கத் தீப்பிடித்தது. வைக்கப்பட்ட தீ என்று பின்னர் முடிவானது. நெருப்பைவிடப் புகைதான் ஆட்களைக் கொன்றது. எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாமல் நடைபாதைகளில் தடுமாறியவர்களும் கபினுக்குள்ளேயே இருந்தவர்களும் மூச்சுத் திணறிச் செத்தார்கள். மொத்தம் 159 பேர்.

இந்தக் கப்பலைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஏனென்றால் அந்தப் போர்த்துக்கேயத் தொழிலாளிகள் கெட்டவர்கள் இல்லை. உங்களைப் போலக் குடும்பத்துக்காகக் கப்பல் ஏறிய பிள்ளைகள். உதவ மனமிருந்தவரிடமும் மொழி இல்லை. பயிற்சி தராமல் அவர்களை ஏற்றியவர்கள்தான் குற்றவாளிகள்.

அந்த அழிவும் அதையொட்டி நடந்த வேறு விபத்துகளும் சேர்ந்துதான் இன்றைய விதிகளைக் கொண்டுவந்தன. கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச உடன்படிக்கை 1978இலேயே வந்திருந்தது. இந்த அழிவுக்குப் பின் அது 1995இலும் 2010இல் மணிலாவிலும் பெரிதாகத் திருத்தப்பட்டது. பயணிகளுக்கு நேரடியாகச் சேவை செய்கிறவர், அந்தப் பயணத்தில் வரும் முக்கிய நாட்டினரின் மொழியிலோ, அடிப்படை அறிவுறுத்தல் கொடுக்கப் போதிய ஆங்கிலத்திலோ, அதுவும் முடியாத வேளையில் சைகையாலோ வழிகாட்டத் தெரிந்திருக்கவேண்டும் என்று அது கேட்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை, ஒவ்வொரு கப்பலிலும் ஒரு பொதுப் பணிமொழியைத் தீர்மானித்துப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. கப்பலோடு கப்பல், கப்பலோடு கரை, பாதுகாப்பு விடயம் கதைப்பது ஆங்கிலத்தில். இவை ஒரு கம்பனியின் விருப்பு வெறுப்பு அல்ல, சட்டம்.

சட்டம் வந்தபிறகும் இடர் தீரவில்லை. 2012ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் திகதி இத்தாலியின் ஜீல்யோ தீவுக்கருகில் கொஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதியது. 4,200க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். 32 பேர் இறந்தார்கள். கரைக்கு மிக நெருக்கமாகக் கப்பலைக் கொண்டுபோன கப்டன்தான் அதற்கு முதற்காரணம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனாலும் விசாரணை அறிக்கையில் எங்களுக்குப் படிப்பினையான ஓர் இடம் வருகிறது. கப்டன் சுக்கானை இடப்பக்கம் திருப்பச் சொல்கிறார். இந்தோனேசியரான சுக்கானி அதை விளங்கிக்கொள்ளாமல் வலப்பக்கம் திருப்புகிறார். திருத்துவதற்குச் சில விநாடிகள் போய்விட்டன. அந்த விநாடிகள் இருந்திருந்தாலும் கப்பல் தப்பியிராது என்பாரும் உண்டு. அதன்பிறகு, தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்போதே, மின்சாரக் கோளாறுதான், கபினுக்குத் திரும்புங்கள் என்று பணியாளர் சிலர் பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து சரியான செய்தி வரவில்லை. வந்த செய்தியும் பல மொழிகளுக்குள் மாறி மாறிக் குழம்பியது.

இனி எங்கள் குடாநாட்டுக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு ஆங்கிலம் புதிதா? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் தொடக்கம் 1816. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரி 1823. உடுவில் பெண்கள் பாடசாலை 1824. இங்கே அருகிலேயே ஹாட்லிக் கல்லூரி 1838. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் எங்கள் மண்ணில் படித்தவர்கள். அந்த ஆங்கிலத்தைக் கொண்டுதான் எங்கள் பாட்டன்மார் கொழும்புக் கந்தோர்களிலும் மலாயா ரயில்வேயிலும் கதிரை பிடித்தார்கள். மணியோடர் வந்தது, கல்வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் அது பேனையில் இருந்த ஆங்கிலம். கடிதம், பதிவேடு, கணக்கு, பரீட்சை. பிழையில்லாமல் எழுதுவதுதான் கௌரவம். அந்தப் பழக்கம் இன்றும் எங்கள் வகுப்பறையில் இருக்கிறது. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்த பிள்ளை, தொலைபேசியில் ஒருவர் ஆங்கிலத்தில் கதைத்தால் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறது.

இன்னொரு பக்கத்தில் கடல். வல்வெட்டித்துறையார் பாய்க்கப்பலில் இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் போய்வந்தவர்கள். வாடை எப்போது திரும்பும், சோளகம் எப்போது எழும்பும், கச்சான் எப்படி அடிக்கும் என்று காற்றையும் வெள்ளியையும் பார்த்துக் கப்பல் விட்ட தண்டையல்மாரை இந்தக் கரை கண்டிருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, ஏறக்குறைய 90 அடி நீளமான பாய்க்கப்பல், ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கியபின் அவருடைய மனைவியின் பெயரைத் தாங்கி, சூயஸ் வழியே போய் அத்லாந்திக்கைக் கடந்து 1938இல் மசாச்சுசெட்ஸ் மாநிலத்தின் குளொசெஸ்டரை அடைந்தது. அதில் பாய் இழுத்தவர்களில் எங்கள் வல்வெட்டித்துறைப் பிள்ளைகள் இருந்தார்கள். வடமராட்சியில் இந்தக் கதையை அறியாத வீடு இருக்கக்கூடாது என்பது என் ஆசை.

ஆனால் இந்த இரண்டு செல்வமும் எங்கள் ஊரில் பெரும்பாலும் வேறுவேறு வீடுகளில் இருந்தன. கந்தோருக்குப் போன ஆங்கிலம் கடற்கரைக்கு வரவில்லை. கடலை அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் படிப்பின் கதவு எளிதாகத் திறக்கவில்லை. சாதியும் பணமும் அதற்குக் காரணம் என்பதை இந்த மேடையில் மறைக்க நான் விரும்பவில்லை. இன்றைய பயணிகள் கப்பல் அந்த இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்கிறது. கடல் தெரிந்த பிள்ளைக்கு வாய் திறக்கவும் தெரியவேண்டும் என்கிறது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்த ஆங்கிலத்தை நாங்கள் கொடுப்போமானால், அது நூறு ஆண்டுக்கு முன் கொடுத்திருக்கவேண்டிய கடன்.

அன்னபூரணி போன்ற சிறு பாய்க்கப்பலில் ஒருவர் கையை நீட்டினாலே மற்றவருக்கு விளங்கும். ஒரே ஊர், ஒரே கயிறு. பிரித்தானியக் கப்பல்களில் இந்தியக் கடலோடிகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்த காலத்தில் வேறொரு வழி இருந்தது. இந்துஸ்தானியும் போர்த்துக்கேயமும் பிறவும் கலந்த லஸ்காரி என்ற கப்பல் மொழியை வெள்ளைக்கார அதிகாரிகள் கற்கவேண்டியிருந்தது. தோமஸ் றோபக் என்பவர் அதற்காகவே 1811இல் ஓர் அகராதி வெளியிட்டார். அதாவது தொழிலாளியின் மொழியை அதிகாரி கற்ற காலமும் ஒன்று இருந்தது. இன்று ஐம்பது அறுபது நாட்டார் ஒரே கப்பலில். கப்டன் கிரேக்கர், சமையற்காரர் கோவாக்காரர், பரிமாறுகிறவர் பிலிப்பைன்ஸ்காரர், பயணி ஸ்கொட்லாந்துக்காரர். இவர்கள் அத்தனை பேருக்கும் இடையில் இருக்கிற ஒரே பாலம் ஆங்கிலம்.

எப்படிப்பட்ட ஆங்கிலம்? லண்டன் உச்சரிப்பை யாரும் கேட்கவில்லை. இலக்கணப் புலமையையும் கேட்கவில்லை. சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொடர்பாடல் சொற்றொடர்த் தொகுதி ஒன்று இருக்கிறது. பயணிகளுக்கு வழிகாட்டும் வாக்கியங்களுக்கென்று அதில் ஒரு பகுதியே உண்டு. அதைப் புரட்டிப் பார்த்தால் எவ்வளவு எளிய ஆங்கிலம் என்று வியப்பீர்கள். ஒரு கருத்துக்கு ஒரு சொல். இரண்டு பொருள் தரக்கூடிய சொல்லுக்கு இடமில்லை. சொல்லப்போவது எச்சரிக்கையா, கேள்வியா, அறிவுறுத்தலா என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லவேண்டும்: நூற்றைம்பது என்றால் வன், ஃபைவ், சீரோ. ஃபிஃப்ரீன், ஃபிஃப்ரி இரண்டும் இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும் என்பதை அனுபவித்தவர்கள் எழுதிய விதி அது. சுக்கானிக்குக் கட்டளை கிடைத்தால் அதே சொற்களில் திருப்பிச் சொல்லவேண்டும். செய்தபின் செய்தேன் என்று மீண்டும் சொல்லவேண்டும். இந்தத் திருப்பிச் சொல்லலைச் சிறுபிள்ளைத்தனம் என்று நினைக்காதீர்கள். தவறு பிடிபடுவதே அந்த இடத்தில்தான்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் மிகக் கடினமானது எது என்று கேட்டால், சொல்வளம் என்று சொல்லமாட்டேன். விளங்கவில்லை என்று சொல்வதுதான் கடினம். பெரியவர் சொன்னதைத் திருப்பிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று வளர்த்திருக்கிறோம். வகுப்பில் "விளங்கிச்சோ?" என்று கேட்டால் நாற்பது தலையும் ஆடும். "ஓம் சேர்." அதில் பாதிப்பேருக்கு விளங்கியிராது. கப்பலில் இந்த ஓம் ஆளைக் கொல்லும். நிலக்கடலை எனக்கு ஒவ்வாது, சாப்பாட்டில் இருக்கிறதா என்று ஒரு பயணி கேட்கிறார்; கேள்வி விளங்காமல் சிரித்துக்கொண்டு "யெஸ் மேடம், நோ புரொப்ளம்" என்று போகிறார் பரிமாறுகிறவர். அரை மணிநேரத்தில் அந்தப் பயணியின் தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிடலாம். "சே அகெய்ன், பிளீஸ்." இந்த மூன்று சொல்லைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகிய பிள்ளைக்கு என்னுடைய கணக்கில் பாதி ஆங்கிலம் வந்துவிட்டது.

இதை எப்படிப் பழக்குவது? நான் செய்து பார்த்த ஒரு முறையைச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகு இருத்துவேன். ஒருவர் கையில் ஒரு படம். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல மற்றவர் பார்க்காமல் வரையவேண்டும். முகம் தெரியாது, கை தெரியாது, சொல் மட்டும்தான். முதலில் வீடு கடலுக்குள் நிற்கும், படகு கூரைமேல் ஏறும். சில கிழமைக்குள் அவர்களாகவே கேட்கத் தொடங்குவார்கள்: எந்தப் பக்கம், எத்தனை, திரும்பச் சொல். பின்னால் வானொலியை இரைச்சலோடு போட்டுவிட்டு அதே பயிற்சி. செலவில்லாத முறை. ஒவ்வொரு கரையோரப் பாடசாலையிலும் பின்னேரத்தில் நடத்தலாம். குருநகரில் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது. கடற்தொழிலும் கடல்சார் பயிற்சியும் தருகிறவர்களோடு பாடசாலை ஆசிரியர்கள் சேர்ந்து இருந்து இதைத் திட்டமிடவேண்டும் என்று பகிரங்கமாகவே கேட்கிறேன்.

ஆங்கிலம், ஆங்கிலம் என்று சொல்லித் தமிழை விடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். விடயம் தாய்மொழியில் மனதில் பதிந்தவருக்குப் பிறமொழிச் சொல் தானாக வந்து ஒட்டும். தீ எதனால் எரிகிறது, எண்ணெய்த் தீயில் ஏன் தண்ணீர் ஊற்றக்கூடாது, உயிர்காப்புப் படகை எப்படி இறக்குவது: இவற்றைத் தமிழில் தெளிவாக விளங்கப்படுத்திவிட்டு ஆங்கிலக் கட்டளையைக் கொடுங்கள். பதற்றத்தில் மறக்காது. அதோடு, விதி கேட்பது பயணிகளின் மொழியையும்தான் என்று சொன்னேன். சென்னையிலிருந்து வருகிற கப்பலில் முதிய தமிழ்ப் பயணி ஒருவர் மயங்கி விழுந்தால் அவரிடம் கதைக்கக்கூடிய பணியாளர் யார்? அங்கே உங்கள் தமிழே ஒரு தகுதி. விண்ணப்பத்தில் தமிழை முதல் வரியில் எழுதுங்கள்.

பெற்றோருக்கு ஏஜென்சிகளைப் பற்றி ஒரு விடயம் சொல்லவேண்டும். இதை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், இதுதான் உங்கள் வீட்டு வாசலுக்கு முதலில் வரப்போகிறது.

2022 நவம்பரில், பழுதடைந்த கப்பலொன்றில் நடுக்கடலில் தத்தளித்த 303 இலங்கையரை, பெரும்பாலும் தமிழரை, ஜப்பானியக் கப்பல் ஒன்று காப்பாற்றி வியட்நாமில் சேர்த்தது. நாட்டின் பொருளாதாரம் விழுந்த ஆண்டு அது. அந்தப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் காசு கட்டி அந்தக் கப்பலில் ஏறினார்கள். முறையான கப்பல் வேலைக்கு வழி தெரிந்திருந்தால் அவர்களில் சிலராவது வேறு கப்பலில் ஏறியிருப்பார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

முறையான வழிக்கு ஒரு சட்டம் காவல் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. வேலை எடுத்துத் தருவதற்காகக் கடலோடியிடம் காசு வாங்கக்கூடாது என்பது அதன் விதி. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு போன்றவற்றின் செலவு மட்டும் உங்களுடையது. இருபத்துநான்கு மணிநேரத்தில் குறைந்தது பத்து மணிநேர ஓய்வு. ஒப்பந்தக் காலம் முடிந்தால் ஊருக்கு அனுப்புகிற செலவு கப்பல் உரிமையாளருடையது. கப்பலிலேயே முறையிடுவதற்கு ஒரு நடைமுறை இருக்கவேண்டும், அதன் பிரதி உங்கள் கையில் இருக்கவேண்டும். தங்கச்சிமாரே, மேலதிகாரி ஒருவர் எல்லை மீறினால் யாரிடம் போவது என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. அந்தத் தாளும் வேலை ஒப்பந்தமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். பேனை ஆங்கிலத்தில் தேர்ந்த எங்கள் ஊர் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு இங்கே பெரிய வேலை காத்திருக்கிறது. பின்னேரங்களில் ஒரு மேசை போட்டு இருங்கள் ஐயாமாரே. வருகிற பிள்ளைக்கு அவனுடைய ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்து விளங்கப்படுத்துங்கள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, கையெழுத்து வைக்க முதல் ஒப்பந்தத்தை வாசித்து ஆலோசனை கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது; அதுவும் அந்த உடன்படிக்கையில் எழுதப்பட்டிருக்கிறது. பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து தருகிறேன் என்று கேளுங்கள். சம்பளம் எந்த நாணயத்தில், மேலதிக வேலைக்கு என்ன, நோய் வந்தால் யார் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நேரமில்லை, இப்போதே கையெழுத்து வை, முதலில் காசைக் கட்டு என்று சொல்கிற ஏஜென்சியை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.